பேட்டரி மாற்றத் தெரிந்தால் போதுமா? வாசகர் கேள்வி – பதில்

கடிகாரத் தொழிலில் வேலை தேடலாமா என்று கேட்டு இந்த மாதம் கடிதமும் வாட்ஸாப்புமாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. சுங்கை சிப்புட் கடைத்தெருவில் முப்பத்து நான்கு வருடமாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் நம் வாசகர் ஒருவரிடமே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். பெயர் போட வேண்டாம் என்றார். ஊரில் அவரை எல்லோரும் 'வாட்ச் அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

கேள்வி: அண்ணே, எனக்குப் பதினெட்டு வயசு. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தாகிவிட்டது, ரிசல்ட் சுமார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். தாத்தாவின் பழைய சீக்கோவைப் பிரித்துத் திரும்பப் பூட்டினேன், ஓடுகிறது, ஆனால் ஒரு ஸ்குரு மிச்சம். இதையே தொழிலாக எடுக்கலாமா? "கைப்பேசியில நேரம் பார்க்குற காலத்துல இது என்னடா வேலை" என்று அப்பா திட்டுகிறார். – சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, முதலில் அந்த ஸ்குரு. ஒன்று மிச்சமிருந்தும் ஓடுகிறது என்றால் இன்றைக்கு ஓடுகிறது என்று அர்த்தம். உள்ளே ஏதோ ஒரு தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சக்கரத்தின் அச்சு சாய்ந்து தேயும். கையில் கட்டாதே, அப்படியே எடுத்து வை. இனிமேல் பிரிக்கும்போது ஒவ்வொரு சாமானைக் கழற்றுவதற்கு முன்னாலும் கைப்பேசியில் ஒரு படம் எடு. உன் அப்பா குறை சொல்லும் அதே கைப்பேசிதான். எங்கள் காலத்தில் அந்த வசதி இல்லை, கழற்றிய வரிசையில் வெள்ளைத்தாளில் பரப்பி வைப்போம், யாராவது வந்து மேசையை இடித்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

உன் அப்பா சொல்வது பாதி உண்மை. தோட்டத்தில் ஒரு காலத்தில் நேரம் என்பது பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) அடிக்கும் தண்டவாளத் துண்டின் சத்தம்தான், கையில் கடிகாரம் கட்டியவர் கிராணியும் (தோட்டக் கணக்குப்பிள்ளை) மண்டோரும் (வேலையை மேற்பார்ப்பவர்). அப்புறம் எல்லோர் கையிலும் வந்தது, இப்போது பாதிப் பேர் கையில் இல்லை. ஆனால் இந்தத் தொழில் செத்துப்போகும் என்று சொல்வது இது முதல் தடவை இல்லை. 1969 டிசம்பர் 25-ம் தேதி சீக்கோ கம்பெனி ஆஸ்ட்ரான் என்று உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென், ஒரு சின்னக் காரின் விலை. அதற்குள் சாவி கொடுக்கும் ஸ்பிரிங் கிடையாது, பேட்டரியில் அதிரும் ஒரு படிகத் துண்டு. இன்றைக்கு நீ பார்க்கும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் அந்தப் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிரும், அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், அந்த ஒன்றுதான் வினாடி முள்ளைத் தள்ளுகிறது. கணக்குப் போட்டுப் பார், எனக்கு முதலில் இதைச் சொன்னபோது ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இந்தச் சமாச்சாரம் மலிவாக வந்ததும் சுவிட்சர்லாந்தே ஆடிப்போய்விட்டது. 1970-ல் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் பேர் கடிகார வேலையில் இருந்த நாட்டில் எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

அதோடு முடிந்ததா? இல்லையே. சாவி கொடுக்கிற கடிகாரம் நகை மாதிரி ஆகித் திரும்பி வந்தது. 2023-ல் சுவிஸ்காரர்கள் ஏற்றுமதி செய்தது 26.7 பில்லியன் பிராங்க், வேலை செய்கிறவர்கள் மறுபடி அறுபதாயிரத்துக்கு மேல். அந்தக் கடிகாரம் ஒவ்வொன்றும் சில வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் காய்ந்து யாராவது ஒருவர் மேசைக்கு வந்தே தீர வேண்டும். நடுவில் ஒரு தலைமுறை ஆள்கள் இந்தப் பக்கமே வரவில்லை, பழையவர்கள் கண் மங்கி ஒதுங்கிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஊரில் ஐந்து கடை, இப்போது என்னையும் சேர்த்து இரண்டு. அந்த இன்னொருவருக்கு எழுபத்தொரு வயசு.

சரி, என்ன வேலை இருக்கிறது? நீ மனத்தில் வைத்திருப்பது கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்கிற வேலை. அது ஒன்று. கோலாலம்பூரில் பெரிய பிராண்டுகளின் சர்வீஸ் சென்டர்களில் அதற்கு மேசைகள் உண்டு. அதே இடத்தில் கடிகாரத்தை வாங்கி, பார்த்து, வாடிக்கையாளருக்கு என்ன பழுது என்று விளக்கிச் சொல்லும் முன்மேசை ஆள், தண்ணீர் புகுகிறதா என்று சோதிப்பவர், கேஸையும் (கடிகாரத்தின் வெளிக்கூடு) சங்கிலியையும் பாலிஷ் போடுபவர் (இது தனிக் கலை, ஒரு நிமிஷம் கூடுதலாகத் தேய்த்தால் கேஸின் ஓரம் போய்விடும், திரும்ப வராது), உதிரி பாகக் கணக்கு பார்ப்பவர் என்று பல பேர் இருக்கிறார்கள். கடையில் விற்கிறவர்களை மறக்காதே, நன்றாகப் பேசத் தெரிந்தவனுக்குக் கமிஷனோடு சேர்ந்து பழுதுபார்ப்பவனைவிட அதிகமாகவே வரும். இன்னொன்று, நம் நாட்டிலேயே 2017-ல் மிங் என்று ஒரு கடிகார பிராண்ட் ஆரம்பித்தார்கள், கோலாலம்பூரில் உட்கார்ந்து வடிவமைத்து சுவிட்சர்லாந்தில் செய்து வாங்குகிறார்கள், 2019-ல் ஜெனீவாவில் பரிசும் வாங்கியது. உன் தாத்தா சீக்கோவைத் திருப்பிப் பார், இல்லாவிட்டால் முகப்பின் அடியில் லென்ஸ் வைத்துப் பார், 'மலேசியா' என்று பொடி எழுத்தில் இருந்தாலும் இருக்கும். சீக்கோ இயந்திரம் (உள்ளே ஓடும் மூவ்மெண்ட்) இங்கேயும் நிறையச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் உனக்குச் சரிப்படுமா என்பதற்கு ஒரே சோதனை, மணிக்கணக்காக உட்கார முடியுமா என்பது. பிரிப்பது எல்லோருக்கும் ஆசை. கழுவுவது? நான் ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளி) வேலை கற்றேன். முதல் ஏழு மாதம் வார் மாற்றுவது, பேட்டரி மாற்றுவது, சாமான்களைப் பெட்ரோலில் கழுவிக் குச்சியால் ஓட்டை குத்துவது, இவ்வளவுதான். ஓட்டை குத்துவது என்றால், சக்கரத்தின் அச்சு உட்காரும் சிவப்புக் கல் இருக்கிறதே, அதன் துளையில் காய்ந்த எண்ணெய் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். மென்மையான மரக்குச்சியை ஊசி மாதிரிச் சீவி உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தால் நுனி கறுப்பாக வரும். மறுபடி சீவு, மறுபடி விடு. நுனி வெள்ளையாக வருகிற வரைக்கும். ஒரு கடிகாரத்தில் இருபது துளை இருக்கும். எட்டாவது துளையில் தவுக்கே பார்க்கவில்லை என்று விட்டுவிட்டேன், இரண்டு வாரத்தில் அந்தக் கடிகாரம் திரும்பி வந்தது, அவர் திட்டவில்லை, என்னிடம் தந்து முழுவதையும் மறுபடி செய்யச் சொன்னார். கூலி கிடையாது.

எட்டாவது மாதம் ஒரு பெரிய தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவரின் கடிகாரம், தோட்டத்தில் நீண்ட காலச் சேவைக்குக் கொடுத்தது, பின்மூடியில் அவர் பெயர் வெட்டியிருந்தது. பேலன்ஸ் சக்கரத்தை (இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) தூக்கும்போது டுவீசர் நழுவி ஹேர்ஸ்பிரிங்கில் மாட்டி இழுத்துவிட்டது. தலைமயிரைவிட மெல்லிய சுருள் அது, சுற்றுக்குச் சுற்று சரியான இடைவெளியோடு இருக்க வேண்டும், இழுபட்டால் கோழி கிளறிய கோலம். தவுக்கே அதை நிமிர்த்த மூன்று நாள் உட்கார்ந்தார், முடியவில்லை, அதே இயந்திரம் உள்ள இன்னொரு கடிகாரத்தைத் தேடி வாங்கிப் பேலன்ஸை மாற்றினார். பணம் என் சம்பளத்தில். மண்டோரிடம் என்னையே போய்ச் சொல்லச் சொன்னார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே தாத்தா சீக்கோவில் பழகாதே. ஆன்லைனில் எஸ்டி36 என்று ஒரு சீன இயந்திரம் கிடைக்கும், பள்ளிகளில் பாடத்துக்கு வைக்கும் சுவிஸ் 6497 இயந்திரத்தின் நகல், பாக்கெட் வாட்சுக்கானது, சாமான்கள் பெரிசு, கண்ணுக்கு எளிது, விலையும் குறைவு. இரண்டு வாங்கு, ஒன்று நிச்சயம் பாழாகும். அதோடு ஐந்து ஸ்குரு டிரைவர், நல்ல டுவீசர் இரண்டு (பத்தர்கள் சாமணம் என்பார்களே, அதன் தம்பி), கண் லென்ஸ், ஒரு ஊதுபந்து. டுவீசரில் மட்டும் காசு பார்க்காதே, மலிவானது நுனி ஒன்றோடொன்று சேராமல் ஸ்குருவை வண்டு மாதிரி பறக்கவிடும், தரையில் அரை மணி நேரம் தவழ்வாய். அப்புறம் கையில் காசு சேர்ந்தால் டைம்கிராஃபர், அது டிக்டிக் சத்தத்தை மைக்கில் கேட்டு ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது பிந்துகிறது என்று காட்டும் பெட்டி, சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) சீனாவில் செய்தது கிடைக்கிறது. முழுச் சாவியோடு படுக்க வைத்தால் பேலன்ஸ் வீச்சு 270 டிகிரிக்கு மேல் வர வேண்டும். உன்னுடையது முதலில் 190 காட்டும். எண்ணெய் அதிகம் போட்டிருப்பாய், எல்லோரும் அப்படித்தான் போடுவோம்.

அதை ஐந்து முறை பிரித்துப் பூட்டி, ஐந்தாவது முறை ஒன்றும் மிச்சமில்லாமல் ஓடினால் கடைக்கு வா. செவ்வாய்க்கிழமை கடை இல்லை.

கேள்வி: என் மகனுக்குக் கடிகாரம் என்றால் உயிர். சுவிட்சர்லாந்தில் படிக்க வைக்கலாம், அறுபதாயிரம் வெள்ளி கட்டினால் இடம் நிச்சயம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். என் கணவரின் இபிஎஃப் பணம் கொஞ்சம் இருக்கிறது. கட்டலாமா? – ஒரு தாய், தாப்பா

பதில்: வேண்டாம் அம்மா. தயவு செய்து.

விவரமாகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் நொயெஷாத்தெல் என்ற ஊரில் வாஸ்டெப் என்று ஒரு பயிற்சி நிறுவனம் 1966-லிருந்து இருக்கிறது, உலகமெங்கும் மதிப்புள்ள சான்றிதழ் அவர்களுடையது. அந்தப் பாடத்திட்டத்தை வேறு நாடுகளிலும் நடத்துகிறார்கள், இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ஒரு பள்ளி உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் லிட்டிட்ஸ் என்ற சின்ன ஊரில் 2001-ல் ரோலெக்ஸ் ஒரு பள்ளி ஆரம்பித்தது, அங்கே படிப்புக் கட்டணமே வாங்கியதில்லை, கருவிகளும் சாப்பாடும்தான் மாணவன் செலவாக இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில் வகுப்புக்குச் சேர்க்கும் ஆள்கள் ரொம்பக் குறைவு, கையைச் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பணம் கட்டினால் இடம் நிச்சயம் என்று சொன்ன உடனே அது வேறு வியாபாரம் என்று எனக்குப் படுகிறது. சுவிஸ் பிள்ளைகள் அங்கே முழுக் கடிகாரத் தொழிலாளியாக நான்கு வருடம் பழகுகிறார்கள், பிரெஞ்சு மொழியில். படித்து முடித்தாலும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து போனவருக்கு அங்கே வேலை அனுமதி லேசில் கிடைக்காது.

பக்கத்திலேயே பாருங்கள். ஒமேகா, டிசோ, லாஞ்சின் எல்லாம் வைத்திருக்கும் சுவாட்ச் குழுமம் நிக்கோலஸ் ஹாயெக் பெயரில் பல நாடுகளில் கடிகாரப் பள்ளி நடத்துகிறது, கோலாலம்பூரிலும் நடத்தியிருக்கிறது. அவர்களுடைய சர்வீஸ் சென்டருக்கே மகனைக் கூட்டிக்கொண்டு நேரில் போய், அடுத்த சேர்க்கை எப்போது, என்ன தகுதி என்று கேளுங்கள். ஏஜெண்ட் எதற்கு? இங்கிலாந்தின் பிரிட்டிஷ் ஹோரலாஜிக்கல் இன்ஸ்டிடியூட் 1858-ல் ஆரம்பித்தது, அவர்களிடம் வீட்டிலிருந்தே படிக்கும் பாடம் உண்டு, ஆங்கிலம் வாசிக்க வர வேண்டும், கைப்பழக்கம் நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அதுவும் சரிப்படாவிட்டால் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களான ஐஎல்பியிலோ அட்டெக்கிலோ மெக்கட்ரானிக், நுண் இயந்திர வேலை மாதிரி ஏதாவது எடுக்கட்டும். கடிகாரத்துக்கு அது நல்ல அடித்தளம், கடிகாரம் கைவிட்டாலும் பினாங்கிலும் கூலிமிலும் அந்தக் கைக்கு வேலை உண்டு. அந்த இபிஎஃப் பணத்தில் ஐந்நூறு வெள்ளிக்குக் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டு மீதியைத் தொடாதீர்கள். ஆறு மாதம் கழித்தும் பையன் அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: நான் கூலிமில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஏழு வருடமாக மைக்ராஸ்கோப் லைனில் இருக்கிறேன். வயசு 27. கடிகார வேலைக்குப் பெண்களை எடுப்பார்களா? – ஒரு தங்கை

பதில்: எடுப்பார்களா என்று கேட்கிறாயே தங்கச்சி, சுவிஸ் தொழிற்சாலையோ ஜப்பான் தொழிற்சாலையோ, பெண்கள் கை படாமல் கடிகாரமே வெளியே வந்ததில்லை. தமிழ்நாட்டை எடுத்துக்கொள். டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்ததுதான் டைட்டன், தொழிற்சாலை ஓசூரில். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைக் கிராமங்களிலிருந்து எடுத்துப் பழக்கித்தான் அந்த லைனை ஓட்டினார்கள். பெயரிலேயே 'டி ஐ' டாடா இண்டஸ்ட்ரீஸ், 'டி ஏ என்' தமிழ்நாடு என்று சொல்வார்கள்.

உன் கடிதத்தில் எனக்குப் பிடித்தது மைக்ராஸ்கோப்தான். ஏழு வருடம் லென்ஸுக்குக் கீழே டுவீசர் பிடித்திருக்கிறாய், தூசி என்றால் என்ன, கையில் நிலைமின்சாரம் என்றால் என்ன என்று யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னிடம் வருகிற பையன்களுக்கு அதைப் புரியவைக்கவே மூன்று மாதம் போகிறது. நீ ரெஸ்யூமேயில் 'ஆபரேட்டர்' என்று மட்டும் போட்டால் யாருக்கும் புரியாது. என்ன அளவு சாமானை, எத்தனை மடங்கு பெரிதாக்கி, ஒரு ஷிப்டுக்கு எத்தனை, ரிஜெக்ட் எவ்வளவு என்று போடு. சர்வீஸ் சென்டரில் குவார்ட்ஸ் பிரிவுக்கோ சோதனைப் பிரிவுக்கோ விண்ணப்பம் செய், மெக்கானிக்கல் மேசைக்கு உள்ளே போன பிறகு நகரலாம். ஆரம்பச் சம்பளத்தைப் பற்றிப் பெரிதாகக் கனவு காணாதே, சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 1,700 வெள்ளி ஆனது, அதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்காது, ஓவர்டைமோடு நீ இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கலாம். அதையும் கணக்குப் போட்டுவிட்டு இறங்கு. ஆமாம், பெண்களுக்குக் கை மென்மை, அதனால் நன்றாகச் செய்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. என் மனைவிக்குக் கை என்னைவிடக் கெட்டி, வார் மாற்றுவதில் என்னைவிட வேகம்.

கேள்வி: என் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்துகொண்டே கடிகாரமும் பழுதுபார்ப்பார். தவறிவிட்டார். ஒரு மரப்பெட்டி நிறையக் கருவி, முப்பது நாற்பது பழைய கடிகாரம் இருக்கிறது. பழைய இரும்புக்காரன் எண்பது வெள்ளிக்குக் கேட்கிறான். நானே இதை வைத்துத் தொழில் பழகலாமா? – ஒரு வாசகர், பாகான் செராய்

பதில்: ஐயா, பழைய இரும்புக்காரனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெட்டிக்குள் வட்டமான மரக்கட்டையில் வரிசை வரிசையாகக் குத்தூசிகள் நிற்கின்றனவா, நடுவில் ஒரு சின்ன இரும்பு அச்சுக்கூடத்தோடு? அது ஸ்டேக்கிங் செட், சக்கரத்தை அச்சில் ஏற்றவும் இறக்கவும். அது ஒன்றே எண்பது வெள்ளிக்குப் பல மடங்கு பெறும். குட்டிக் கடைசல் இயந்திரம் இருந்தால் இன்னும் மேலே. துருவை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மெல்லிய எண்ணெய் துடைத்து மூடி வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அந்தப் பழைய கடிகாரங்களில் எண்ணும் முள்ளும் பழுப்பு நிறப் பூச்சோடு, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தால் அதைத் திறக்காதீர்கள். நம் ஊரில் இருட்டில் மினுங்குகிற எதையும் ரேடியம் என்று சொல்லிவிடுகிறோம், மோட்டார் சைக்கிள் ஸ்டிக்கர் வரைக்கும். ஆனால் 1960-களுக்கு முந்தின கடிகாரங்களில் பலவற்றில் இருப்பது நிஜமான ரேடியம். இப்போது மினுங்கவில்லையே என்று நினைக்காதீர்கள், மினுங்க வைக்கிற ரசாயனம்தான் செத்திருக்கும், ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். 1920-களில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புக்கு அந்தப் பூச்சு பூசிய இளம்பெண்கள், தூரிகை நுனி கூராக இருக்கட்டும் என்று உதட்டில் வைத்து வைத்துத் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். கண்ணாடி மூடியிருக்கிற வரை பெரிய பயமில்லை, உதிரும் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. அப்படிப்பட்டதைப் பிளாஸ்டிக் பையில் தனியாகப் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முகப்பின் அடியில் 'T' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பின்னால் வந்த டிரிட்டியம், அது பன்னிரண்டு வருடத்தில் பாதியாகிவிடும், அவ்வளவு கவலை வேண்டாம். தொண்ணூறுகளிலிருந்து கதிர்வீச்சே இல்லாத பூச்சு வந்துவிட்டது.

நானும் இருபது வயதில் இதெல்லாம் தெரியாமல் எத்தனையோ முள்ளைச் சுரண்டியிருக்கிறேன், அதுவும் டீ குடித்துக்கொண்டு.

மீதிக் கடிகாரங்களைத் தொழில் பழக வைத்துக்கொள்ளலாம். அப்பா குறிப்பேடு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பழைய ஆள்கள் பின்மூடியின் உள்பக்கத்திலேயே ஊசியால் தேதி கீறி வைப்பார்கள், லென்ஸ் வைத்துப் பார்த்தால் அப்பா எந்த வருடம் எதைத் திறந்தார் என்று தெரியும்.

கேள்வி: எங்கள் ஊர் சாய்ந்த கோபுரத்தில் இருக்கிற மாதிரிப் பெரிய கடிகாரங்களைப் பராமரிக்கும் வேலை கிடைக்குமா? – தெலுக் இந்தான் வாசகர்

பதில்: அந்தக் கோபுரம் 1885-ல் லியோங் சூன் சோங் என்ற குத்தகைக்காரர் கட்டியது, உள்ளே ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி, மேலே லண்டன் ஜே. டபிள்யூ. பென்சன் கம்பெனியின் கடிகாரம். மண் இளகி, தண்ணீர்ப் பாரமும் சேர்ந்து சாய்ந்துவிட்டது. எனக்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் படியேறிப் போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் அதை மட்டும் நம்பிப் பிழைக்கிற அளவுக்கு இந்த நாட்டில் கோபுரக் கடிகாரம் இல்லை. ஆசையாக வைத்துக்கொள்ளுங்கள், கூட வேறு வேலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) 'ஏ கிரேடு' போலிக் கடிகாரம் விற்றால் நல்ல லாபம் என்கிறார்களே? – பெயர் வேண்டாம்

பதில்: போலிக்கு ஏ கிரேடு என்ன, பி கிரேடு என்ன. 2011-ம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அமலாக்க அதிகாரிகள் வந்தால் சாமான் மொத்தமும் லாரியில் ஏறும், அபராதம் தனி, சிறையும் உண்டு. அதோடு அந்தக் கடிகாரமெல்லாம் மூன்று மாதத்தில் என் கடைக்குத்தான் வருகிறது, "அண்ணே, இது ஒரிஜினல்" என்றுகொண்டு. என்னால் முடியாது தம்பி, வேறு கேள்வி கேள்.

கேள்வி: வார் மாற்ற, பேட்டரி மாற்ற, இயந்திரம் மாற்ற நன்றாகவே தெரியும், ஈப்போவில் ஒரு கடையில் நாலு வருடம் இருந்தேன். எட்டாயிரம் வெள்ளி சேர்த்திருக்கிறேன். சொந்த ஊரில், தோட்டங்களுக்கு நடுவில் உள்ள பட்டணத்தில் கடை போடலாமா? – ஒரு வாசகர்

பதில்: போடலாம், ஆனால் முழுக் கடை வேண்டாம். மருந்துக்கடை, கைப்பேசிக் கடை, நகைக்கடை, இதில் ஒன்றின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் ஒரு கண்ணாடி மேசை போடும் இடம் கேள். எட்டாயிரத்தில் வாடகை முன்பணத்துக்கே பாதியைத் தொலைக்காதே. எஸ்எஸ்எம்மில் (வியாபாரப் பதிவு ஆணையம்) பதிந்துகொள், அப்புறம் தேவைப்பட்டால் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் தெக்குன் அலுவலகத்தில் நம் சமூகத்துக்கு என்று வைத்திருக்கும் ஸ்பூமி கடனைக் கேட்கலாம், பதிவு இல்லாமல் போய் நின்றால் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

வருமானம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், என் கடையில் நூறில் எழுபது பேட்டரியும் வாரும்தான். ஊரில் ஓடுவது பெரும்பாலும் 626 என்கிற சின்ன சில்வர் ஆக்ஸைட் பேட்டரி, 1.55 வோல்ட். நல்லது வாங்கிப் போடு. கள்ளப் பேட்டரி மூன்று மாதத்தில் கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, இயந்திரத்தையே தின்றுவிடும், அந்தப் பழி உன் தலையில். மூடியைத் திறந்த கையோடு உள்ளே உள்ள ரப்பர் வளையத்தைப் பார். காய்ந்து தட்டையாக இருந்தால் வாடிக்கையாளரிடம் காட்டிச் சொல்லி மாற்று, ஐந்து வெள்ளிதான். மாற்றாமல் மூடினால் அவர் மறுநாள் கோயில் குளத்தில் இறங்கிவிட்டு "நேத்து நீங்க தொறந்ததுலதான் தண்ணி போச்சு" என்று வருவார். '30 மீட்டர்' என்று பின்னால் எழுதியிருப்பது நீந்துவதற்கு இல்லை, கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்கு என்பதை நான் தினம் நாலு பேருக்கு விளக்குகிறேன். நீயும் விளக்குவாய்.

இயந்திரம் மாற்றத் தெரியும் என்கிறாய், நல்லது. மியோட்டா 2035 ஒரு பத்து வாங்கி வை, மலிவுக் கடிகாரங்களில் அதிகம் வருவது அதுதான், பழுதுபார்ப்பதைவிட மாற்றுவது லாபம். தானியங்கிக்கு என்எச்35. முள் போடும்போது மட்டும் அவசரப்படாதே. மூன்று முள்ளும் பன்னிரண்டில் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்க வேண்டும், கண்ணாடிக்கும் வினாடி முள்ளுக்கும் நடுவில் தாள் அளவு இடைவெளி வேண்டும். முழு வட்டம் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மூடு. மூடிய பிறகு சுற்றிப் பார்த்து உரசினால் முதலிலிருந்து.

சுவர்க்கடிகாரத்தைக் கேவலமாக நினைக்காதே. தமிழ்ப்பள்ளி வகுப்பறை, கோயில் மண்டபம், சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் உண்டு, ஒரு நாள் பெட்டியோடு போய் வந்தால் பத்துப் பன்னிரண்டு இயந்திரம் மாற்றலாம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம். பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி வை. தீபாவளிக்கு முந்தின மாதமும் கல்யாண மாதங்களும் கூட்டம் தாங்காது, ஜனவரியில் ஈ ஓட்டுவாய், பள்ளிச் செலவில் யாரும் வார் மாற்ற வர மாட்டார்கள். அந்த மாதத்துக்குச் சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று பக்கத்தில் வைத்துக்கொள்.

விலை உயர்ந்த சுவிஸ் கடிகாரம் வந்தால் தொடாதே. உதிரி பாகத்தைப் பெரிய பிராண்டுகள் பல வெளியாருக்கு விற்பதில்லை, கழற்றிய பிறகு ஒரு சாமான் கிடைக்காமல் மாட்டிக்கொள்வாய். அவர்களுடைய சர்வீஸ் சென்டர் முகவரியை எழுதிக் கொடு, அதற்குக் காசு வாங்காதே, அந்த ஆள் வேறு பத்துப் பேரை அனுப்புவார்.

கடைசியாக, கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத கடிகாரங்கள். என்னிடம் மூன்று டிராயர் நிறைய இருக்கிறது. தோட்டத்தை விட்டு மாறிப் போனவர்கள், சிங்கப்பூர் போனவர்கள், செத்துப்போனவர்கள். அதில் ஒன்றின் சீட்டில் 1998 என்று இருக்கிறது. விற்கவும் மனமில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நீ முதல் நாளிலிருந்தே சீட்டில் கைப்பேசி எண் எழுதி, முன்பணமாக ஐந்து வெள்ளியாவது வாங்கிக்கொள்.